மீள்வதா, தங்குவதா?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உத்ஸவ காலத்தில் திவ்யதேசத்துத் திருவீதிகளை வலம் வருவோர்க்கு ஓர் உண்மை எளிதில் புலப்படும். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில, அந்தப் பத்து நாட்களுக்கு மட்டும் திறக்கப்படுகின்றன. திண்ணைகள் கழுவப்பட்டு வாயிலில் கோலம் இடப்படுகிறது. கடல்கடந்து வாழும் மகனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் வந்து சேர்கின்றனர். கொடியேற்றம் ஸேவித்து, கருட ஸேவை கண்டு, திருத்தேர் வடம் பிடித்து, தீர்த்தவாரி முடிந்த மறுநாளே பெட்டிகளோடு புறப்பட்டும் விடுகின்றனர். வழியனுப்ப வாயிற்படி வரை வரும் முதிய தாயார், "இனி இங்கேயே வந்து இருந்துவிடக் கூடாதா?" என்று கேட்கிறார். "இன்னும் இரண்டு வருஷம் அம்மா" என்று மகன் விடையளிக்கிறான். அந்த இரண்டு வருஷம் இருபது வருஷமாக வளர்ந்துவிட்ட இல்லங்கள் இன்று எத்தனையோ.

இக்கேள்வியைப் பணத்தைப் பற்றிய கேள்வியாகவும் வசதியைப் பற்றிய கேள்வியாகவும் கொள்பவர் பலர். ஆயினும், உள்ளத்தின் ஆழத்தில் அது தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவே நின்று உறுத்துகிறது. பிறந்த மண்ணுக்கு மீள்வது கடமையா? மீளாதிருப்பது குற்றமா? பூர்வாசார்யர்களின் சரித்திரமும் எம்பெருமானுடைய சரித்திரமுமே இவ்வினாவுக்கு ஒளி தருவன ஆதலின், அவற்றைக் கொண்டு இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

கேள்வி எழுந்த விதம்

1946ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்க ஐக்கிய நாடு, இந்தியாவிலிருந்து ஆண்டொன்றுக்கு நூறு பேருக்கே குடியேற இடம் கொடுத்தது. 1965இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தவே, மருத்துவர்களும் பொறியியல் வல்லுநர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் பெருமளவில் அங்குச் சென்றனர். படித்துப் பட்டம் பெற்று, சிறிது பொருளீட்டித் திரும்பிவிடுவோம் என்பதே அவர்களிற் பலருடைய எண்ணமாக இருந்தது. ஆனால் 1976ஆம் ஆண்டிலேயே பென்ஸில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை அடுத்த குன்றொன்றின்மேல், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் உதவியோடு ஸ்ரீவேங்கடேச்வரனுக்கு ஆலயம் அமைந்துவிட்டது. திரும்பிவிடுவதாகச் சொல்லிச் சென்றவர்கள், எம்பெருமானையே அங்கு எழுந்தருளப் பண்ணிக்கொண்டனர்.

பின்னர்க் கணிப்பொறித் தொழிலின் வழியே சென்ற தலைமுறையின் நிலை வேறு. ஆண்டுதோறும் வழங்கப்படும் நிரந்தர வாஸ அனுமதிகளில் எந்த ஒரு நாட்டாருக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் போகலாகாது என்னும் வரம்பு அங்கு உண்டு. விண்ணப்பிக்கும் இந்தியரோ மிகப் பலர். ஆகவே பத்தாண்டு கடந்தும் அனுமதி கிட்டாமல் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அக்குடும்பத்துப் பிள்ளை 21 வயதை எட்டினால், பெற்றோரைச் சார்ந்து அங்குத் தங்கும் உரிமையையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறான். மறுபுறம், பிறநாட்டுக் குடியுரிமை ஏற்றவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள இந்திய அரசியலமைப்பு இடந்தரவில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் பரவலாக வழங்கப்படும் அடையாள அட்டை, ஆயுள் முழுவதும் வந்துபோக வழி செய்கிறது. எனினும் வாக்குரிமையும் விளைநிலம் வாங்கும் உரிமையும் அதில் இல்லை.

வளைகுடா நாடுகளில் உழைப்பவர்களுக்கு இவ்வினா இவ்வடிவில் எழுவதில்லை. அங்குக் குடியுரிமை பொதுவாகக் கிட்டுவதில்லை. வேலை முடிந்தால் மீண்டே ஆகவேண்டும். மீள்வதா, தங்குவதா என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் உடையவனுக்குத்தான் இது தர்மஸங்கடமாகிறது.

இரு பக்ஷங்கள்

மீளவேண்டும் என்பார் கூறுவது யாதெனில்: பெற்று வளர்த்த தாய் தந்தையர் தளர்ந்திருக்கும்போது உடனிருந்து பணிவிடை செய்வதே புத்திர தர்மம். மாதந்தோறும் அனுப்பும் பணம் மருந்து வாங்கித் தரும். நள்ளிரவில் எழுந்து ஒரு வாய் வெந்நீர் தராது. 2007இல் இயற்றப்பட்ட முதியோர் பராமரிப்புச் சட்டம், பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரும்படி மக்களுக்கு ஆணையிட வழி செய்தது. ஆனால் படுக்கையருகே அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும்படி எந்தச் சட்டம் ஆணையிட இயலும்? மேலும் திவ்யதேச வாஸமும், பெரியோர் ஸஹவாஸமும், அனுஷ்டானத்துக்குரிய சூழலும் அந்நிய மண்ணில் அரிதினும் அரிது. போதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தையே குற்றங்களுள் ஒன்றாக எண்ணியிருக்கிறது அன்றோ?

தங்கலாம் என்பார் கூறுவது யாதெனில்: எம்பெருமான் அந்தர்யாமியாய் எங்கும் உறைபவன். அவன் இல்லாத மண் எது? அவனுக்குக் கைங்கர்யம் செய்ய அர்ச்சகர்களே கடல் கடந்து சென்றுள்ளனர். பெற்றோர் கடன்பட்டுப் படிக்கவைத்ததும், நிலத்தை விற்று விமானம் ஏற்றியதும், அங்கு நன்றாக வாழட்டும் என்பதற்காகத்தானே? அன்றியும் அங்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவே பிறந்த நாடு. பெற்றோர்க்கு மீளுதலாக இருப்பது அப்பிள்ளைகளுக்குப் புலம்பெயர்தலாக முடியும்.

இவ்விறுதிக் கூற்றை இலேசாகத் தள்ளிவிட இயலாது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கை மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அவர்களில் பலர் தேயிலைத் தோட்டங்களிலேயே பிறந்தவர்கள். தமிழகத்தைக் கண்ணாலும் கண்டறியாதவர்கள். 'தாய்நாடு திரும்புகிறார்கள்' என்று ஏடுகள் எழுத, அவர்களோ பிறந்த மண்ணைப் பிரிந்து அழுதுகொண்டு கப்பல் ஏறினர். பாட்டனார் பிறந்த ஊர், பேரனுக்குத் தானாகவே வீடாகிவிடுவதில்லை.

இரு பக்ஷத்திலும் நியாயம் உண்டு. இரு பக்ஷத்திலும் ஒரு குறையும் உண்டு. இரண்டும் இடத்தையே பொருளாகக் கொண்டு வாதிக்கின்றன. எந்த மண்ணில் இருப்பது என்று கேட்கின்றனவே தவிர, யாருக்கு உரியவனாய் இருப்பது என்று கேட்கவில்லை. ஸ்ரீவைஷ்ணவ ஸித்தாந்தத்தில் ஜீவனுக்குரிய இலக்கணம் சேஷத்வம். தனக்கெனத் தான் இராமல், பிறர்க்கு உரியனாய் இருத்தலே அதன் பொருள். எம்பெருமானுக்கு உரியவன், அவன் அடியார்க்கும் அவன் ஒப்படைத்த உற்றார்க்கும் உரியவனாகிறான். அந்த நோக்கோடு சரித்திரங்களைப் பார்த்தால் வழி தெளிவாகும்.

மீள மறுத்தவனும் விரைந்து மீண்டவனும்

சித்திரகூடத்தில் பரதாழ்வான் வந்து திருவடியில் விழுந்து, நாடு திரும்பவேண்டும் என்று மன்றாடினான். தாய்மார்களும் வசிஷ்டரும் நகரத்தாரும் உடன் நின்றனர். அப்போது சக்கரவர்த்தித் திருமகன் மீள மறுத்துவிட்டான். தந்தையின் வாக்கு நிறைவேறவில்லை. ஏற்ற கடமை முடியவில்லை. அன்பு அழைத்தபோதும் கடமை நிறுத்தியது.

அதே பெருமாள், இராவண வதம் முடிந்தபின் என்ன செய்தான்? ஸ்ரீவிபீஷணாழ்வான், நீராடி, ஆடை ஆபரணங்கள் அணிந்து, சில நாள் இலங்கையில் தங்கியருள வேண்டும் என்று வேண்டினான். பரதன் விரதம் பூண்டு காத்திருக்க, நீராட்டமும் அலங்காரமும் தனக்கு உகப்பல்ல என்று பெருமாள் புறப்பட்டுவிட்டான். பதினான்கு ஆண்டு நிறைந்த நாளில் அண்ணன் வாராவிடில் தீப்புகுவேன் என்று தம்பி உரைத்திருந்தான் அன்றோ! ஒருநாள் தாமதித்தாலும் ஓர் உயிர் போய்விடும்.

மீள மறுத்தவனும் அவனே. விரைந்து மீண்டவனும் அவனே. இரண்டு இடத்திலும் அவன் தன் விருப்பத்தை எண்ணவில்லை. முன்பு தந்தையின் வாக்கு, பின்பு தம்பியின் உயிர். ஆகவே மீளுதல் என்றும் தர்மம் என்றோ, தங்குதல் என்றும் அதர்மம் என்றோ விதி வகுக்க இயலாது. ஏற்ற கடமை எஞ்சியிருக்கிறதா என்பதும், காத்திருப்பவர் எவர் என்பதுமே கேள்வி.

இதில் இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு. பரத்வாஜ ஆசிரமத்தை அடைந்ததும் பெருமாள் நேரே அயோத்திக்குச் செல்லவில்லை. திருவடியாகிய அனுமனை முன்னே அனுப்பி, தன் வருகையைக் கேட்கும்போது பரதனின் முகக்குறிப்பு எங்ஙனம் இருக்கிறது என்று பார்த்துவரப் பணித்தான். இத்தனை காலம் ஆண்டு பழகிய இராஜ்யத்தை அவன் விரும்புவானாயின், அவனே ஆளட்டும் என்பதும் திருவுள்ளம். பரதனிடத்து ஐயம் கொண்டதால் அன்று; ஊரில் இருந்து பாரம் சுமந்தவனுடைய மனத்தை அறியாமல், 'வந்துவிட்டேன்' என்று உள்ளே நுழையலாகாது என்பதனால் என்க.

இன்று எத்தனை இல்லங்களில், ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்க, மற்றொரு பிள்ளையோ பெண்ணோ ஊரிலேயே இருந்து தாய் தந்தையரைப் பேணிவருகின்றனர்! மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவரும், திதி வாரங்களை நடத்துபவரும், வீட்டு ஓட்டை மாற்றுபவரும் அவர்களே. பெருமையெல்லாம் ஆண்டுக்கொரு முறை வரும் பிள்ளைக்கு, பாரமெல்லாம் உடனிருப்பவருக்கு. மீள நினைப்பவன் முதலில் பார்க்கவேண்டியது அந்தப் பரதனின் முகத்தையே.

எம்பெருமானார் காட்டிய வழி

சோழ மன்னனின் கொடுமைக்காக எம்பெருமானார் திருவரங்கத்தை விட்டு மேல்நாடு எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறும். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. அவ்வாண்டுகளை அவர் திருவரங்கத்தை நினைத்து ஏங்குவதிலேயே போக்கிவிடவில்லை. திருநாராயணபுரத்தில் ஆலயம் சீர்பெற்றது, செல்வப்பிள்ளை எழுந்தருளினான், கைங்கர்யத்துக்கு ஐம்பத்திருவர் நியமிக்கப்பட்டனர், அந்நாட்டு எளியோர்க்கும் அவ்வாலயத்தில் உரிமை ஏற்பட்டது. தங்கிய இடத்தை விடுதியாகக் கருதி ஒதுங்கியிராமல், அதற்கும் உரியவராய் வாழ்ந்தார்.

மன்னன் மாண்ட செய்தி கேட்டதும் அவர் திருவரங்கம் மீளத் திருவுள்ளம் கொண்டார். அந்நாட்டு அடியார்கள் பிரிவாற்றாமல் கலங்கினர். அவர்களை எண்ணி அங்கே பிரதிஷ்டையான அர்ச்சையே 'தமர் உகந்த திருமேனி' என்று இன்றும் ஸேவிக்கப்படுகிறது. மீளுதல் கடமையானபோதும், வாழ்வளித்த மண்ணின் கடனைத் தீர்க்காமல் அவர் புறப்படவில்லை.

திருவரங்கம் அடைந்தவர் கண்டது யாது? கண்ணிழந்த கூரத்தாழ்வானை! ஆசார்யனைக் காக்க, அவருடைய காஷாயத்தை உடுத்துச் சோழன் சபைக்குச் சென்று கண்களைக் கொடுத்தவர் அவர். முதிய வயதில் உடன் சென்ற பெரிய நம்பியோ அந்தத் துன்பத்திலேயே திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். எம்பெருமானார் ஆழ்வானைத் தழுவிக்கொண்டு கண்ணீர் உகுத்தார் என்பர். வெளியே இருந்தவர் காக்கப்பட, உள்ளே இருந்தவர் விலை கொடுத்தனர். மீண்டு வருகிறவன் மகிழ்ச்சியை மட்டும் எதிர்பார்த்து வருதல் தகாது. தான் இல்லாத காலத்தில் நிகழ்ந்த துன்பங்களையெல்லாம் கண்ணாரக் காணும் துணிவோடும் வரவேண்டும்.

மீண்டவரை அறிந்தவர்

எம்பெருமானே புலம்பெயர்ந்த கதையும் உண்டு. 1323இல் தில்லிப் படையெடுப்பு நேர்ந்தபோது, பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தென்திசை சென்றார். முதிர்ந்த அவர் ஜ்யோதிஷ்குடியிலேயே பரமபதித்தார், திருவரங்கம் மீளவில்லை. மீளாமையால் அவருக்கு ஒரு குறை உண்டு என்று சொல்லத் துணிபவர் எவர்? கைங்கர்யத்தின் நடுவே உயிர் நீத்தவருக்கு அந்தச் சிற்றூரே திருவரங்கமாயிற்று.

எம்பெருமானோ பல ஊர் கடந்து, திருநாராயணபுரத்திலும் திருமலையிலும் தங்கி, ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்குப் பின், 1371இல் கோபணார்யன் முயற்சியால் திருவரங்கம் திரும்பினான். திருமலையில் அவன் தங்கிய மண்டபம் இன்றும் ரங்கநாயக மண்டபம் என்ற பெயரோடு விளங்குகிறது. ஆனால் திருவரங்கத்தில் அவனை அடையாளம் அறிவார் இல்லை. அரை நூற்றாண்டில் தலைமுறையே மாறிவிட்டது. அவன் இடத்தில் மற்றொரு திருமேனி ஆராதிக்கப்பட்டு வந்தது. எவர் பழைய பெருமாள் என்று ஊரார் திகைத்தபோது, கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர் முன்வந்தார். இரு திருமேனிகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் ஏற்று, பழகிய மணத்தால் அறிந்து, இவரே நம்பெருமாள் என்று உறுதி கூறினார் என்பது கோயிலொழுகு காட்டும் வரலாறு.

அதன்பின் நிகழ்ந்ததே பெரிதும் சிந்திக்கத் தக்கது. இடைக்காலத்தில் ஆராதனை பெற்ற திருமேனியை எவரும் அகற்றிவிடவில்லை. 'திருவரங்க மாளிகையார்' என்ற திருநாமத்தோடு அப்பெருமாளும் அங்கேயே எழுந்தருளியிருக்கிறார். மீண்டவருக்கும் இடம்; இருந்தவருக்கும் இடம்.

நாடு திரும்புகிறவன், தான் விட்டுச் சென்ற ஊரைத் தேடுகிறான். அது அங்கே இல்லை. தோழர்கள் முதியவர்களாகிவிட்டனர், தெரு மாறிவிட்டது, தன் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். அவர்களை விலக்கித் தன் இடத்தைப் பெற முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். செல்வத்தாலும் பட்டத்தாலும் அவனை அறிபவர் பலர் இருக்கலாம். பழைய மணத்தால் அவனை அறிபவர், வாயிற்படியில் நிற்கும் அந்த முதிய தாயார் ஒருவராகவே இருக்கலாம். அந்த ஒருவர் இருக்கும்போதே மீள்வது எத்தனை பெரிய பேறு!

குற்றம் எது?

ஆராய்ந்தால், மீளுதலும் குற்றமன்று, தங்குதலும் குற்றமன்று. குற்றமாவது, தீர்மானியாமலே காலத்தைத் தள்ளுதல். 'இன்னும் இரண்டு வருஷம்' என்னும் சொல் பெற்றோரையும் ஏமாற்றுகிறது, சொல்பவனையும் ஏமாற்றுகிறது. மகன் வருவான் என்று எண்ணித் தாயார் பெரிய வீட்டைத் தனியே காத்துக்கொண்டிருக்கிறார்; உறவினர் அருகே சென்று வாழவும் துணிவதில்லை. மகனோ அங்கும் வேர் விடாமல், இங்கும் வாராமல், இரு கரைக்கும் நடுவே நிற்கிறான். வரமாட்டேன் என்று உண்மையை உரைத்திருந்தால், அழுது தீர்ந்தபின் வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்கலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில், கொள்ளை நோயின் காரணமாக வெளிநாட்டு விமானங்கள் இந்தியாவுக்கு வருவது நிறுத்தப்பட்டது. மே மாதம் 7ஆம் தேதி தொடங்கித்தான் அரசு ஏற்பாடு செய்த விமானங்கள் வெளிநாட்டிலிருந்தோரை அழைத்துவரத் தொடங்கின. அந்நாட்களில் தகப்பனாரின் சரம கைங்கர்யத்தைக் கைப்பேசித் திரையில் கண்டு கதறிய பிள்ளைகள் பலர். இருபது மணி நேரத்தில் வந்துவிடலாம் என்றிருந்த தூரம், ஒரே இரவில் கடக்க முடியாத கடலாயிற்று. நாளை என்பது தன் கையில் இருப்பதாக எண்ணுவதே ஸ்வாதந்த்ரிய புத்தி. அதை உடைத்துக் காட்டியது அந்த ஆண்டு.

பெற்றோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மகன் அமெரிக்காவில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு, அவனிடம் மட்டும் வரவில்லையே என்று குறைகூறல் நேர்மையாகாது. வேண்டும் என்றால் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதும், இயலாது என்று அவன் சொன்னால் சாபமாகாமல் ஏற்பதும், பெரியோர்க்கு அழகு. தசரதன் போல் உயிர் துடித்தாலும், கோஸலையைப் போல் மங்களாசாஸனம் செய்து அனுப்பும் உள்ளமும் வேண்டும்.

இறுதியில் மீளும் இடம்

ஸித்தாந்தத்தை நோக்கினால், ஜீவனுக்கு நிலைத்த வீடு திருநாடு ஒன்றே. அமெரிக்காவும் இந்தியாவும் அவ்வகையில் வழிநடையில் தங்கும் சத்திரங்களே. இதைச் சொல்லி, எந்தச் சத்திரத்தில் இருந்தால் என்ன என்று கைகழுவிவிடலாகாது. அதே சத்திரத்தில் நோயுற்றுக் கிடக்கும் அடியார்க்குத் தண்ணீர் கொடுப்பதும் கைங்கர்யமே. அந்தக் கைங்கர்யத்துக்காகவே வழிநடை நீள்கிறது.

திருவரங்கத்துப் பங்குனி உத்ஸவத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நம்பெருமாள் உறையூர் சென்று நாச்சியாரோடு எழுந்தருளியிருந்து மீள்கிறார். பங்குனி உத்தரத்தன்று தாயார் ஸந்நிதிக்கு வரும்போது கதவு அடைக்கப்படுகிறது. பூப்பந்துகளும் வாழைமட்டைகளும் எறியப்படுகின்றன. மூவுலகாளும் பெருமாள் தன் வீட்டு வாயிலிலேயே காத்து நிற்கிறார். நம்மாழ்வார் இடைநின்று ஸமாதானம் உரைத்தபின்னரே கதவு திறக்கிறது, சேர்த்தி நிகழ்கிறது. பிரணய கலகம் என்னும் இவ்வைபவத்தைக் கண்டு சிரித்து மகிழாத பக்தர் இல்லை.

நெடுநாள் கழித்து மீள்பவனுக்கு முதலில் கிட்டுவது அடைத்த கதவாகவும் இருக்கலாம். தாயின் மௌனமும், தம்பியின் கடுஞ்சொல்லும், ஊராரின் ஏளனமும் அந்த மட்டையடியே. காத்திருந்தவர்களுக்கே கோபிக்கும் உரிமை உண்டு. அவர்கள் கோபிக்கிறார்கள் என்றால் இன்னும் காத்திருக்கிறார்கள் என்பது பொருள். வாயிலில் பொறுமையோடு நிற்பவனுக்கு அக்கதவு திறக்கும்.

தீர்த்தவாரி முடிந்து, பெட்டிகள் கட்டப்படும் நாள் நெருங்குகிறது. புறப்படுமுன், தாயாரும் மகனும் திண்ணையில் ஒரு நாழிகை அமர்ந்து, இரண்டு வருஷம் என்ற சொல்லை விலக்கி, வருகிறேன் என்றோ வர இயலாது என்றோ உண்மையைப் பேசிக்கொள்வார்களாயின், இவ்வாண்டு உத்ஸவம் அவ்வில்லத்தில் நிறைவு பெற்றதாகும். அதற்குரிய துணிவை எம்பெருமான் இருவர்க்கும் அருள்வானாக.

சுபம்